காட்டின் கணக்கும் கருவியின் கண்ணும்
(தில்லியில் நடைபெற்ற நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவார் உளர். இசையின் நுட்பம் பேசுவார் உளர். நாட்டு நடப்பை ஆராய்வாரும் உளர். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளோ புலி. தலைநகரத்து அலுவலகங்களில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நமக்கும், நெடுந்தொலைவில் காட்டில் திரியும் வேங்கைக்கும் என்ன உறவு என்று சிலர் எண்ணக்கூடும். உறவு உண்டு. ஒன்றன்று, இரண்டு உண்டு.

முதலாவது பழைய உறவு. சோழர் தம் கொடியில் பொறித்தது புலி. தில்லைக்குப் பெரும்பற்றப் புலியூர் என்றே ஒரு பெயர். குறிஞ்சி நிலத்தைப் பாடிய நம் புலவர்கள் வேங்கை மரத்தையும் வேங்கை விலங்கையும் ஒருங்கே கண்டு மகிழ்ந்தவர்கள். தொட்டிலாட்டும் தாய் பிள்ளையைப் ‘புலிக்குட்டி’ என்று கொஞ்சுவது இன்றும் நம் வழக்கம்.

இரண்டாவது புதிய உறவு. அது கணக்கு பற்றியது. இந்த அவையில் இருப்போரில் பலர் கணக்கர்கள், எழுத்தர்கள், தணிக்கையாளர்கள். இருப்புப்பாதைத் துறையில் பேரேடு எழுதிப் பழகிய நமக்கு ஒரு விதி நன்கு தெரியும். ஏட்டில் காட்டப்பெறும் இருப்பும், கிடங்கில் உள்ள இருப்பும் ஒத்திருத்தல் வேண்டும். ஒத்திராவிடின் ஏடு எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருப்பினும் பயன் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னதும் இதனைத்தான். ஏட்டுப் புலியும் காட்டுக்கு உதவாது என்பதனை இந்த நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. அந்த வரலாற்றையும், அதன் பின்னர்க் கணக்கைச் சீர்செய்ய வந்த ஒரு சிறு கருவியையும், அந்தக் கருவியால் நமக்கு ஏற்படும் கடமையையும் இன்று காண்போம்.

புலியை எண்ணுவது எளிதன்று. அது கூட்டமாக வாழ்வதில்லை. பெரும்பாலும் இரவில் நடமாடும். மனித வாடை பட்டால் விலகிச் செல்லும். வாழ்நாள் முழுவதும் காட்டில் உழைத்த காவலர் கூட அதனை நேரில் கண்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காணாத ஒன்றை எண்ணுவது எங்ஙனம்?

நெடுங்காலம் கையாளப்பட்ட வழி அடிச்சுவட்டு முறையாகும். ஒடிசாவைச் சேர்ந்த வனத்துறை அலுவலர் சரோஜ் ராஜ் சௌதுரி என்பார் 1966ஆம் ஆண்டில் இதனை வகுத்தார். காவலர் காட்டுப் பாதையில் செல்வர். புலியின் காலடி பதிந்திருக்கும் இடத்தில் கண்ணாடித் தகட்டை வைத்து அதன் வடிவத்தை வரைந்து கொள்வர். அவற்றைத் தாளில் படியெடுத்து ஒப்பிட்டு, இது ஒரு புலி, இது வேறொரு புலி எனப் பிரிப்பர். 1972ஆம் ஆண்டில் நாடெங்கும் எடுக்கப்பட்ட கணக்கு 1,827 புலிகள் என்றது. அவ்வாண்டிலேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973 ஏப்ரல் முதல் நாள் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் 9ஆக இருந்த புலிகள் காப்பகங்கள் 2025 மார்ச்சில் 58ஆகப் பெருகின.

அடிச்சுவட்டு முறையை நாம் இகழ்தல் ஆகாது. கருவியும் பணமும் இல்லாத காலத்தில், காவலரின் கண்ணையும் காலையும் நம்பிச் செய்யப்பட்ட முயற்சி அது. ஆயினும் அதில் குறை இருந்தது. ஒரே புலியின் கால் மணலில் ஒரு வடிவாகவும், சேற்றில் வேறு வடிவாகவும் பதியும். மெல்ல நடந்தால் ஒரு தோற்றம். விரைந்து நடந்தால் மற்றொரு தோற்றம். வரைபவர் கை மாறினால் வரைவும் மாறும். எல்லாவற்றினும் மேலாக, அந்தக் கணக்கை மற்றொருவர் சரிபார்க்க வழி இல்லை. மழை பெய்தால் சுவடு அழிந்துவிடும். எஞ்சுவது தாள் மட்டுமே. சரிபார்க்க இயலாத கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதனைச் சரிஸ்கா காட்டியது.

சரிஸ்கா நமக்கு அயலூர் அன்று. தில்லியிலிருந்து அல்வர் வழியாகச் செல்லும் வண்டியில் ஏறினால் சில மணி நேரத்தில் அதன் அருகே இறங்கலாம். ஆரவல்லி மலைத்தொடரில் அமைந்த புலிகள் காப்பகம் அது. 2004ஆம் ஆண்டின் ஏடு அங்குப் பதினைந்துக்கும் மேற்பட்ட புலிகள் உள்ளன என்று கூறியது. அந்த ஆண்டு இறுதியில், புலி கண்ணில் படவில்லை, சுவடும் தென்படவில்லை என்ற செய்தி கசிந்தது. 2005இல் தேராதூனிலுள்ள இந்திய வன உயிரின நிறுவனத்தார் தேடிப் பார்த்தனர். ஒரு புலி கூட இல்லை! கள்ள வேட்டைக்காரர்கள் ஒவ்வொன்றாகக் கொன்று தோலையும் எலும்பையும் விற்றுவிட்டிருந்தனர். கிடங்கு வெறுமையாகிவிட்டது; ஏட்டில் மட்டும் இருப்பு நிறைந்திருந்தது.

நாடு அதிர்ந்தது. மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணை நடந்தது. சுனிதா நாராயண் அவர்கள் தலைமையில் அமைந்த புலிகள் செயற்குழு 2005 ஆகஸ்டில் தன் அறிக்கையை அளித்தது. அடிச்சுவட்டுக் கணக்கு கைவிடப்பட்டது. சட்டத்தின் வழித் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் நிறுவப்பெற்றது. 2008 ஜூன் மாதம் ரந்தம்பூரிலிருந்து ஹெலிகாப்டரில் புலி ஒன்றைக் கொண்டுவந்து சரிஸ்காவில் விட்டனர். இழந்ததை மீண்டும் உருவாக்க வானூர்தியும், மருத்துவரும், பெருஞ்செலவும் வேண்டியிருந்தன. பாதுகாக்கவோ நேர்மையான ஒரு கணக்கே போதுமானதாக இருந்திருக்கும். இதற்குப் பின்னரும் மத்தியப் பிரதேசத்தின் பன்னாவில் இதே துயரம் நிகழ்ந்தது. 2009இல் அங்கும் புலி அற்றுப்போயிற்று. அங்கும் வெளியிலிருந்து கொண்டுவந்தே மீண்டும் பெருக்கினர்.

இனி அந்தச் சிறு கருவிக்கு வருவோம். வனத்துறையினர் இதனைக் ‘கேமரா டிராப்’ என்பர். நாளிதழ்கள் தானியங்கி கேமரா என்று எழுதும். பொறி என்று பெயர் இருப்பினும் இது எதனையும் பிடிப்பதில்லை. படத்தை மட்டும் பிடித்துக்கொண்டு விலங்கை விட்டுவிடும்.

இதன் தோற்றம் வேட்டையில் இருக்கிறது. அமெரிக்கரான ஜார்ஜ் ஷைராஸ் என்பார் முன்பு வேட்டையாடியவர். துப்பாக்கியை வைத்துவிட்டு நிழற்படக் கருவியை எடுத்தார். விலங்கின் கால் பட்டால் விளக்கு பளிச்சிட்டுப் படம் விழுமாறு கம்பி கட்டினார். அவருடைய இரவுப் படங்கள் 1906இல் வெளியாகி உலகை வியப்பில் ஆழ்த்தின. இந்தியாவில் இந்தத் துறைக்கு முன்னோடி எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வனத்துறை அலுவலர். மன்னர்களும் துரைமார்களும் கொன்ற புலியின் மீது காலை வைத்துப் படம் எடுத்துக்கொண்ட காலம் அது. அந்தக் காலத்தில் அவர், அன்றைய ஐக்கிய மாகாணத்துக் காடுகளில் பாதையின் குறுக்கே கம்பி கட்டி, உயிருள்ள புலி உலவும் படத்தை எடுத்தார். 1927இல் அவற்றை நூலாகவும் வெளியிட்டார்.

அந்தப் படங்கள் ஓர் உண்மையை விளக்கின. மனிதரின் கைரேகை ஒருவர்க்கு இருப்பது போல் மற்றொருவர்க்கு இராது. அங்ஙனமே ஒரு புலியின் உடற்கோடு மற்றொரு புலிக்கு இராது. புலியே தன் அடையாளச் சீட்டைத் தன் மேனியில் எழுதிக்கொண்டு நடக்கிறது! அதனைப் படிக்க வல்ல கண் மட்டுமே வேண்டியிருந்தது. இதனைக் கணக்கியலோடு இணைத்தவர் கர்நாடகத்தைச் சேர்ந்த அறிஞர் உல்லாஸ் கரந்த். 1990களில் நாகரஹொளெ காட்டில் கருவிகளைப் பொருத்திப் புலிகளை இனங்கண்டு, அடர்த்தியைக் கணக்கிடும் வழியை அவர் 1995இல் வெளியிட்டார். பின்னர் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் ஜேம்ஸ் நிக்கோல்ஸோடு சேர்ந்து அதனை வளப்படுத்தினார்.

கருவி வேலை செய்யும் முறையைச் சிறிது விளக்குவோம். கையளவான ஒரு பெட்டி. அதனுள் வெப்பத்தை உணரும் ஓர் உறுப்பு உண்டு. சூழலினும் மாறுபட்ட வெப்பமுடைய உடல் எதிரில் அசைந்தால் அது விழித்துக்கொள்ளும். உடனே படம் விழும். நாளும் மணியும் அதில் பதியும். புலி நடக்கும் பாதையின் இருபுறமும், முழங்கால் உயரத்தில், ஒன்றுக்கொன்று எதிராக இரண்டு பெட்டிகளை மரத்தில் கட்டுவர். இரண்டு எதற்கு? புலியின் இடப்பக்கக் கோடுகளும் வலப்பக்கக் கோடுகளும் ஒன்றாக இரா. இருபக்கமும் ஒரே நேரத்தில் பதிந்தால்தான் ‘இவை இரண்டும் ஒரு புலியின் பக்கங்களே’ என்று துணிந்து எழுதலாம். இல்லையேல் ஒரு புலி இரு புலியாகக் கணக்கில் ஏறிவிடும். காட்டை இரண்டு சதுரக் கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் இணை என்ற அளவில் வைப்பர். ஏறத்தாழ ஒரு மாத காலம் அவை அங்கேயே இரவு பகலாகக் கண்விழித்திருக்கும்.

படங்களில் விழுந்த புலிகளை எண்ணிவிட்டால் கணக்கு முடிந்ததா? இல்லை. படத்தில் விழாத புலியும் உண்டன்றோ? அதனையும் கணக்கில் கொணரும் வழியே இந்த முறையின் உயிர்நாடி. எளிய ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். கோயில் குளத்தில் எத்தனை மீன்கள் உள்ளன என்று அறிய வேண்டும். இன்று 50 மீன்களைப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் அடையாளம் இட்டு மீண்டும் நீரில் விடுகிறோம். மறுநாள் 40 மீன்களைப் பிடிக்கிறோம். அவற்றுள் 10 மீன்களில் நம் அடையாளம் காணப்படுகிறது. பிடிபட்டவற்றில் நான்கில் ஒரு பங்கு அடையாளம் உடையவை. ஆகவே நாம் அடையாளமிட்ட 50 மீன்கள், குளத்து மீன்களில் நான்கில் ஒரு பங்காக இருத்தல் வேண்டும். குளத்தில் ஏறத்தாழ 200 மீன்கள் என்று கொள்ளலாம். புலிக்கு நாம் அடையாளம் இட வேண்டுவதில்லை; இயற்கையே இட்டிருக்கிறது. முதல் வாரம் படத்தில் விழுந்த புலிகளில் எத்தனை மறுவாரம் திரும்ப விழுகின்றன என்று பார்த்தால், விழாதவை எத்தனை என்பது கணக்கில் வந்துவிடும். இன்றைய முறை இதனினும் நுட்பமானது. எந்தப் புலி எந்த இடத்தில் விழுந்தது என்பதனையும் சேர்த்துக் கணிக்கிறது.

இந்த முறையில் 2006இல் நாடளாவிய கணக்கு எடுக்கப்பட்டபோது கிடைத்த எண் 1,411. அதற்கு முன், 2001-02இன் அடிச்சுவட்டுக் கணக்கு 3,642 என்று கூறியிருந்தது. இரண்டு முறைகளும் வேறாகையால் அவற்றை ஒன்றோடொன்று கழித்து இழப்பைக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் நாடு நினைத்திருந்த இருப்பு நாட்டிடம் இல்லை என்பது வெளிப்பட்டது. உண்மை கசந்தது, அந்தக் கசப்பே மருந்தாயிற்று. நான்காண்டுக்கு ஒரு முறை எடுக்கப்பெற்ற கணக்குகள் 2010இல் 1,706 என்றும், 2014இல் 2,226 என்றும், 2018இல் 2,967 என்றும் உயர்ந்தன. 2022ஆம் ஆண்டின் சராசரி மதிப்பீடு 3,682. உலகத்துக் காட்டுப் புலிகளில் நான்கில் மூன்று பங்கு நம் நாட்டில் வாழ்கின்றன.

உழைப்பின் அளவையும் கேளுங்கள். 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கருவிகள் பொருத்தப்பட்டன. விழுந்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கு மேல். அவற்றுள் புலிப் படங்கள் 76,651. குட்டிகளை நீக்கி 2,461 புலிகள் தனித்தனியே இனங்காணப்பட்டன. அறிவித்த தொகையில் நூற்றுக்கு 83 பங்கு, படச் சான்றுடைய புலிகள்! உலகின் மிகப் பெரிய கேமராக் கணக்கெடுப்பு என்று அது கின்னஸ் ஏட்டில் இடம் பெற்றது. 2022இல் இடங்கள் 32,588. படங்கள் 4 கோடியே 70 லட்சத்துக்கு மேல். புலிப் படங்கள் 97,399. இனங்காணப்பட்ட புலிகள் 3,080. ஏறத்தாழ 480 படங்களைப் புரட்டினால் ஒன்றில் புலி! மற்றவற்றில் மான், காட்டுப்பன்றி, காட்டெருமை, மேயும் மாடு, காற்றில் ஆடிய புல், விறகு பொறுக்கும் மனிதர். கோடுகளை ஒப்பிடக் கணினி துணை செய்கிறது. ஆயினும் இறுதியில் பார்த்து உறுதி சொல்வது மனிதக் கண்ணே.

அந்த மான் படமும் பன்றிப் படமும் வீணல்ல. இரை இருந்தால்தான் புலி இருக்கும். எந்தக் காட்டில் இரை குறைகிறது, எந்த ஓடையருகே விலங்குகள் கூடுகின்றன, எந்த வழியாக ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டுக்குச் செல்கின்றன என்பன எல்லாம் அவற்றில் பதிகின்றன. கருவி புலியை மட்டும் எண்ணவில்லை. காட்டின் நலத்தையும் நாடி பிடித்துப் பார்க்கிறது.

நம் தமிழகத்தின் நிலை யாது? 2006இல் 76ஆக இருந்த புலிகள், 2010இல் 163, 2014இல் 229, 2018இல் 264, 2022இல் 306 என உயர்ந்துள்ளன. களக்காடு – முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், திருவில்லிபுத்தூர் – மேகமலை என ஐந்து காப்பகங்கள் தமிழகத்தில் உள்ளன. இந்தப் பெயர்களைக் கேட்டால் புலி மட்டுமா நினைவுக்கு வருகிறது? முண்டந்துறைக் காட்டில் பெருகும் நீர் தாமிரபரணியாகி நெல்லைச் சீமையின் வயல்களுக்குப் பாய்கிறது. மேகமலைப் பக்கத்துக் காடு வைகைக்குத் தாய். முதுமலையையும் சத்தியமங்கலத்தையும் ஒட்டி ஓடும் மாயாறு பவானியில் கலக்கிறது. புலி இருக்கும் காட்டில் மரம் வெட்டுவோர் அஞ்சுவர்; மரம் நின்றால் மழை நீர் நிற்கும்; நீர் நின்றால் ஆறு ஓடும். ஊரில் நம் உடன்பிறந்தார் உழும் நிலத்துக்கும் அந்தக் கோடுகளுக்கும் உள்ள தொடர்பு இதுவே.

முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளெ, வயநாடு, சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலை ஆகிய காடுகள் மூன்று மாநிலங்களில் இருப்பினும் நிலத்தால் ஒன்றே. புலி எல்லைக் கல்லைப் படிப்பதில்லை. இன்று தமிழகத்துப் படத்தில் விழுந்தது நாளை கர்நாடகத்துப் படத்தில் விழும். ஒரு மண்டலத்தின் சரக்குப் பெட்டி மற்றொரு மண்டலத்துக்குச் சென்றால், பெட்டியின் எண்ணைக் கொண்டு அது ஒன்றே எனக் கண்டு, இரு ஏட்டிலும் இருப்பாகக் காட்டாமல் தவிர்ப்பது இருப்புப்பாதைக் கணக்கு. புலிக் கணக்கும் அங்ஙனமே. படங்களை ஒருங்கே வைத்து ஒப்பிட்டு, ஒரு புலியை ஒரு முறையே எண்ணுகின்றனர்.

எண்ணுவதற்கு மட்டும் இந்தக் கருவி என்று எண்ணற்க. உயிர் காக்கவும் உதவும். 2021ஆம் ஆண்டில் நீலகிரியின் கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் ஒரு புலி நான்கு மனித உயிர்களைப் பறித்ததாகக் கருதப்பட்டது, ஆடுமாடுகளையும் கொன்றது. டி23 என்பது ஏட்டில் அதன் பெயர். மக்கள் அஞ்சினர்; சினந்தனர்; அந்த அச்சமும் சினமும் நியாயமானவை. தோட்டத்துக்குக் கூலி வேலைக்குச் செல்லும் தாய் மாலையில் வீடு திரும்புவாளா என்று பிள்ளைகள் காத்திருந்த நாட்கள் அவை. அதே காட்டில் வேறு புலிகளும் உலவின. எது குற்றம் செய்தது, எது செய்யாதது? துப்பாக்கி ஏந்தியவர் இருளில் கோடுகளைப் படித்தல் இயலாது. காடெங்கும் தானியங்கி கேமராக்களைப் பொருத்தினர்; கோடுகளைக் கொண்டு அந்தப் புலியைத் தேடினர். கும்கி யானைகளும் மோப்ப நாய்களும் ஆளில்லா வானூர்தியும் துணை வந்தன. உயிரோடு பிடிக்க முயல வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் வலியுறுத்தியது. 21 நாட்கள் நடந்த தேடலின் முடிவில், 2021 அக்டோபர் 15ஆம் நாள், மயக்க ஊசி செலுத்தி அதனை உயிரோடு பிடித்தனர். மக்களுக்கும் அமைதி, பழி சுமக்காத மற்றப் புலிகளுக்கும் உயிர். ஆள் மாறாட்டம் நேராமல் காப்பது நீதியின் முதற்படி. அந்தப் படி விலங்குக்கும் கிட்டியது என்பது சிறு செய்தியன்று.

தில்லியிலும் இந்தக் கருவிக்கு வேலை உண்டு. நகரின் தென்கோடியில் உள்ள அசோலா – பாட்டி சரணாலயம் முன்பு மண்ணும் கல்லும் வெட்டி எடுக்கப்பட்ட இடம். சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர் மரம் வளர்ந்தது, மான் வந்தது. அங்குப் பொருத்தப்பட்ட கருவிகளில் சிறுத்தையும் கழுதைப்புலியும் பதிவாயின. சரிஸ்காவுக்கும் அசோலாவுக்கும் மலைத்தொடர் ஒன்றே. அதே ஆரவல்லியின் வாலே தில்லியின் மேட்டுநிலம். தலைநகரின் எல்லைக்குள் சிறுத்தை வாழ்கிறது என்பது நமக்குப் பெருமை. ஆனால் குருகிராம் – பரீதாபாத் சாலையில் வண்டி மோதி அவை மடிவதும் உண்டு என்பது வருத்தம். நாடெங்கும் சிறுத்தைகளின் தொகை 2022இன் மதிப்பீட்டில் 13,874. பனிமலைகளில் 1,971 இடங்களில் கருவி வைத்து எடுத்த முதல் கணக்கில் பனிச்சிறுத்தைகள் 718 என 2024 ஜனவரியில் அறிவித்தனர். கடுங்குளிரில் மனிதன் நிற்க இயலாத இடத்தில் கருவி நின்றது.

இதுவரை கருவியின் புகழ் கூறினோம். இனி அதன் மறுபக்கத்தையும் கூறாவிடில் நம் கணக்கு ஒருபக்கக் கணக்காகும்.

கருவிக்குக் கண் உண்டு, நாணம் இல்லை. எதிரே வருவது புலியா, பெண்ணா என்று அது பார்ப்பதில்லை. வெப்பமுள்ள உடல் எதுவாயினும் படம் எடுக்கும். உத்தராகண்டத்தின் கார்பெட் காப்பகத்தை ஒட்டிய சிற்றூர்களில் 14 மாதம் தங்கி மக்களோடு பேசிய கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் திரிசாந்த் சிம்லாய் என்பார், 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. மலையூர்ப் பெண்கள் விறகுக்கும் புல்லுக்கும் காட்டுக்குச் செல்வர். வீட்டில் வாய் திறக்க இயலாதவற்றைத் தோழியரோடு பேசிச் சிரிக்கும் இடம் அவர்களுக்குக் காடே. கருவிகள் வந்த பின்னர் யாரோ பார்க்கின்றனர் என்ற கூச்சம் புகுந்தது. ஒதுங்கச் சென்ற ஒரு பெண்ணின் படம் கருவியில் விழுந்து ஊரார் கைபேசிகளில் பரவிய கொடுமையும் நடந்தது. சினந்த ஊரார் கருவிகளை உடைத்தெறிந்தனர். இன்னொன்றும் உண்டு. அந்தப் பெண்கள் உரக்கப் பேசியும் பாடியும் செல்வது வெறும் மகிழ்ச்சிக்காக அன்று. ஒலி கேட்டால் யானையும் புலியும் விலகும். கூச்சத்தால் குரல் அடங்கினால் ஆபத்து நெருங்கும். புலியைக் காக்க வைத்த கருவி, காட்டையே நம்பி வாழும் பெண்ணின் காவலைக் குலைத்துவிடலாகாது.

கருவியின் மீது குற்றம் இல்லை. கருவியை எங்கே கட்டுவது, கிடைத்த படத்தை யார் பார்ப்பது, மனிதர் படத்தை எப்போது அழிப்பது என்ற ஒழுங்கு வேண்டும். நம் வீட்டுச் சாளரத்துக்கு எதிரே யாரோ ஒருவர் பெட்டி கட்டிப் படம் எடுத்தால் நாம் பொறுப்போமா? காட்டோரத்துக் குடிசைக்கும் அதே மானம் உண்டு.

மற்றொரு சிறு குறிப்பும் உண்டு. கருவி தானாக மரத்தில் ஏறுவதில்லை. அதனைத் தோளில் சுமந்து, முள்ளிலும் அட்டைக் கடியிலும் நடந்து, யானை உடைத்ததை மாற்றி, மின்கலம் தீர்ந்ததைப் புதுப்பித்து வருபவர் வேட்டைத் தடுப்புக் காவலர். அவர்களுள் பலர் இருளர், குறும்பர், காணிக்காரர், சோளகர் முதலிய பழங்குடி மக்கள். பலர் நிலையான பணியில்லாத கூலியாளர்கள். கோடிக்கணக்கான படங்கள் என்று நாம் வியக்கும்போது, ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் நடந்த கால்களை மறத்தல் கூடாது. எண்ணிக்கை உயர்ந்தது என்ற பாராட்டில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கு ஊதியத்திலும் காப்பீட்டிலும் தெரிதல் வேண்டும்.

எண்ணிக்கை ஒன்றே வெற்றி என்றும் மயங்குதல் ஆகாது. புலி பெருகினால் அதற்கு இடமும் பெருகுதல் வேண்டும். காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே உள்ள வழிகளைச் சாலையும் சுரங்கமும் விடுதியும் அடைத்துவிட்டால், இளம்புலி எங்கே செல்லும்? ஊருக்குள் வரும், மாட்டைக் கொல்லும், சில வேளை மனிதரையும் கொல்லும். அப்போது இறப்பவர் தலைநகரத்து மேடையில் புலியைப் புகழ்ந்து பேசும் நாம் அல்லோம். காட்டோரத்தில் ஆடு மேய்க்கும் ஏழையே. அவருக்குரிய இழப்பீடு காலத்தில் சென்று சேராவிடின், அவர் புலியை எங்ஙனம் நேசிப்பார்? இருப்புப்பாதைக்கும் இதில் பொறுப்பு உண்டு. கோவையை அடுத்த மதுக்கரையில், தண்டவாளத்தை யானைகள் கடக்கும் இடங்களில், 2024 பிப்ரவரியில் தமிழக வனத்துறை 12 கோபுரங்களில் 24 கேமராக்களைப் பொருத்தியது. யானை நெருங்கும்போதே செய்தி சென்று வண்டி மெதுவாக்கப்படுகிறது. கணக்கெடுக்கும் கண் காவற்கண்ணாகவும் ஆதல் கூடும் என்பதற்கு இது சான்று. பல உயிர்களைக் காக்க இது போன்ற முயற்சிகள் பிற இடங்களிலும் பெருகுதல் வேண்டும்.

அன்பர்களே! தொலைவில் வாழும் தமிழராகிய நாம் செய்யத்தக்கது யாது? மூன்று கூறுவோம். ஒன்று: விடுமுறைக்கு ஊர் செல்லும்போது முதுமலைக்கும் முண்டந்துறைக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள், புலியைக் காட்டுவதாக வாக்களிக்காதீர்கள், காட்டைக் காட்டுங்கள். அங்கே குப்பை போடாமல், கூச்சலிடாமல் திரும்புங்கள். இரண்டு: அரசு எண்ணிக்கை அறிவிக்கும்போது ‘எத்தனை’ என்று மட்டும் கேளாமல், ‘எப்படி எண்ணினீர்கள், சான்று எங்கே’ என்றும் கேளுங்கள். சரிஸ்காவில் அந்தக் கேள்வி காலத்தில் எழுந்திருந்தால் அந்தக் காடு வெறுமையாகியிராது. மூன்று: புலிக்காகப் பேசும்போது காட்டோரத்து மனிதருக்காகவும் பேசுங்கள். இருவரில் ஒருவரை விட்டு ஒருவரைக் காத்தல் இயலாது.

நம் முன்னோர் புலியைக் கொடியில் வைத்தனர். புலவர் பாட்டில் வைத்தனர். நாம் அதனைக் காட்டிலேயே வைத்திருந்தோம் என்று வருங்காலம் சொல்லுதல் வேண்டும். ஏட்டில் உள்ள எண்ணும் காட்டில் உள்ள உயிரும் ஒத்திருக்கும் நாடே நேர்மையான நாடு. அந்த நேர்மை வளர்க! காடு வாழ்க! காட்டைக் காப்போர் வாழ்க!